நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் உச்சவரம்பு பாருங்கள்

"இருக்கறதே மூணு மா, அதாவது ஒரு ஏக்கர். உச்சவரம்புச் சட்டம் நமக்கு எதுக்கு சார்?" மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஆலோசனைக்கு என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் நிலம் வாங்கும்போது அந்தச் சட்டத்தில் அதிகம் அடிபடுவதும் அவர்களே.

ஒரு குடும்பம் அதிகபட்சம் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்பதுதான் உச்சவரம்பு. தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆனது. தர ஏக்கர் என்பது தீர்வையை, அதாவது நில வரியை, வைத்துப் போடும் கணக்கு. ஏக்கருக்கு 10 முதல் 15 ரூபாய் தீர்வை உள்ள நன்செயில் ஒரு ஏக்கர் ஒரு தர ஏக்கர். அப்படியானால் வரம்பு 45 மா, அதாவது இரண்டேகால் வேலி. புன்செய்க்குப் பரப்பு கூடும். மைனர் பிள்ளைகள் பெயரில் எழுதி வைத்தாலும் அதே குடும்பக் கணக்குதான்.

வரம்புக்கு மேற்பட்டது உபரி என்று அரசிதழில் வெளியானதும் நிலம் அரசுக்குச் சேர்ந்துவிடும். ஆனால் சில இடங்களில் பழைய மிராசுதார் குடும்பமே உழுதுகொண்டிருக்கும், பட்டாவும் தாத்தா பெயரிலேயே கிடக்கும். பேரன் மா கணக்கில் விற்பார். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இருக்காது. அது பதிவான பத்திரங்களைத்தான் காட்டும், அரசிதழைக் காட்டாது. கறவை மாட்டை விற்று, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து நாலு மா வாங்கிய ஒருவருக்குப் பட்டா மாறுதல் மனு தள்ளுபடியானபோதுதான் விஷயமே தெரிந்தது. அந்தப் பணத்தை மீட்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம், புல எண் வாரியாக நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டைப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல், நிலச்சீர்திருத்த உதவி ஆணையர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கோப்புகள் பழையவை, உட்பிரிவு ஆகுமுன் இருந்த எண்ணில் இருக்கலாம். அதனால் இன்றைய புல எண்ணோடு தாய்ப்பத்திரத்தில் உள்ள எண்ணையும், அன்றைய உடைமையாளர் பெயரையும் எழுதுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அந்த நிலமே வேண்டாம்.

உபரி நிலத்தை ஒப்படையாக, அதாவது அரசு ஒதுக்கீடாக, பெற்ற ஏழைக் குடும்பத்திடம் வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவதும் நடக்கிறது. ஒப்படை ஆணையில் உள்ள நிபந்தனையைப் படிக்காமல் தொடாதீர்கள். மீறினால் ஒப்படையே ரத்தாகலாம். அவர்களுக்கு நிலம் போகும், உங்களுக்குப் பணம் போகும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தள்ளுபடி உத்தரவு வந்த கையோடு, அசல் பத்திரத்துடன் வழக்கறிஞரைப் பாருங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு.