வேர்முடிச்சுக்குள் ஒரு செந்நிறம்

பயறுச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்த வாசகர், வேரெங்கும் சிறு உருண்டைகள் இருப்பதாகவும், இது நோயா, மருந்து தெளிக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். உரச் செலவே சுமையாக இருக்கும் சிறு விவசாயி ஒருவர் இதற்கு மருந்து வாங்கிவிடக் கூடாது என்ற கவலையோடு எழுதுகிறேன்.

உருண்டையை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்து எளிதில் உதிர்ந்தால், அது ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கும் வேர்முடிச்சு; நோயல்ல, மருந்து வேண்டாம். வேரே வீங்கிப் புடைத்து, பிரித்தெடுக்க முடியாமல் இருந்தால் வேரைத் துளைத்து வாழும் நுண்ணிய நூற்புழுவின் தாக்குதலாக இருக்கலாம். உதிர்ந்த முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மைப் பிணைப்பால் இறுகியிருப்பதால் செடியால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவைத் தயாரிக்கும் ஆலைகள் 400 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தையும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தையும் கொண்டு அப்பிணைப்பை உடைக்கின்றன. ரைசோபியமோ நைட்ரோஜினேஸ் என்ற நொதியைக் கொண்டு மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே அதைச் செய்து, செடி எடுத்துக்கொள்ளும் வடிவில் நைட்ரஜனைத் தந்துவிடுகிறது. இந்தப் பாக்டீரியாவை 1888இல் டச்சு நுண்ணுயிரியலாளர் பெய்ஜரின்க் தனியே பிரித்தெடுத்தார்.

இங்கேதான் என்னை வியக்கவைக்கும் சிக்கல் இருக்கிறது. நைட்ரோஜினேஸ், ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்கக் உயிரணுக்கள் ஆற்றலைச் சுமக்கப் பயன்படுத்தும் ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. அவ்வளவு ஆற்றலைத் திரட்டப் பாக்டீரியா சுவாசிக்க வேண்டும், சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். வேலைக்கு ஆற்றல் தரும் அதே வாயு, வேலை செய்யும் கருவியை அழிக்கிறது. இதைத் தீர்க்கச் செடி லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தை உருவாக்குகிறது. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் இரும்பு அடங்கிய ஹீம் பகுதி இதிலும் உண்டு. அது முடிச்சுக்குள் நுழையும் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொண்டு, தனித்துத் திரியும் ஆக்சிஜனை மிக மிகக் குறைந்த அளவிலேயே வைத்திருந்து, பாக்டீரியாவின் சுவாசத்துக்கு வேண்டியதை மட்டும் இடைவிடாமல் கொண்டுசேர்க்கிறது. நீங்கள் கீறிப் பார்த்த நிறம் அதுதான்.

உள்ளே வெண்மையாக இருந்தால் முடிச்சு இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, அல்லது குடியேறிய பாக்டீரியா திறனற்றது. பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் முதிர்ந்து ஓய்ந்துவிட்டது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மண்ணில் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வளர்ப்பதையே குறைத்துக்கொள்ளும் என்பதால், பயறு வயலில் யூரியாவை அள்ளிப் போடுவது காசு கொடுத்து இந்த வேலையை நிறுத்துவதாகும். மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸின் பற்றாக்குறையும் முடிச்சுகளைக் குன்றச் செய்யும்.

அந்தப் பயறு முன்பு விளையாத நிலத்தில் ஏற்ற பாக்டீரியா இல்லாமல் போகலாம். அங்கே விதைக்கும் முன் விதையோடு கலக்கும், ரைசோபியம் அடங்கிய நுண்ணுயிர் உரம் கைகொடுக்கும். ஆனால் பொட்டலத்துக்குள் இருப்பவை உயிரோடு இருக்கின்றனவா என்று விவசாயியால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெயிலில் கிடந்த பொட்டலம் வெறும் தூள்தான். அந்தந்த மண்ணுக்கேற்ற இனங்களைத் தேர்வதற்கும், விற்பனைக்கு வரும் பொட்டலங்களைச் சோதிப்பதற்கும் பொதுப்பணம் தாராளமாகச் செலவிடப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இலாபம் குறைந்த இந்த ஆய்வைத் தனியார் தாமாக முன்வந்து செய்வார்கள் என்று காத்திருக்க முடியாது.

வாசகர் அடுத்த முறை, பூக்கும் பருவத்தில், செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து நீரில் அலசட்டும். பிடுங்கினால் நல்ல முடிச்சுகள் பல மண்ணிலேயே தங்கிவிடும். பிறகு பத்து முடிச்சுகளைக் கீறி, அவற்றில் எத்தனை சிவந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கட்டும்.