காகிதம் பழுத்தால் பித்தளை மின்னாது

சேலத்தில் படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா சுருட்டிய காகிதம் ஒன்றோடு வந்தார். அவருடைய மாமனார் வாட்டர்கலரில் வரைந்த தோதகத்தி (ரோஸ்வுட்) அலமாரி. பாகப்பிரிவினையில் அலமாரி கைமாறிவிட்டது, படம் மட்டும் மிச்சம். "லேமினேஷன் பண்ணிக் குடுங்க தம்பி, கெடாம இருக்கும்" என்றார்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இழுப்பறையில் சாவித்துவாரத்தைச் சுற்றிப் பித்தளைத் தகடு. அதற்குக் கீழே பிறை மாதிரி ஒரு தேய்மானம், சாவிக்கொத்து ஆடி ஆடி உரசிய தடம். அதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார் மனிதர்! தகட்டில் பளிச்சென்று ஒரு புள்ளி. வெள்ளை வண்ணம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அங்கே தூரிகையே படவில்லை. வெறும் காகிதம்.

வாட்டர்கலரின் சூட்சுமமே இதுதான். வண்ணம் மெல்லிய படலம். வெளிச்சம் அதை ஊடுருவிக் காகிதத்தில் பட்டுத் திரும்புகிறது. காகிதம் பழுத்தால் பித்தளையும் செத்துப்போகும்.

அமெரிக்காவில் 1935 முதல் 1942 வரை, வேலையில்லாத ஓவியர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்து, பழைய மேசை, நாற்காலி, பொம்மைகளையெல்லாம் இப்படி வரைய வைத்தது. கலர் போட்டோ அன்று செலவு பிடித்த சமாச்சாரம். அந்தப் படங்கள் சுமார் 18,000, வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன.

சரி, லேமினேஷன் ஏன் வேண்டாம்? சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு படத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. பிளைவுட்டில் ஒட்டுவதும் தப்பு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பூ ஓவியத்தை நானே அப்படி ஒட்டிக் கொடுத்தேன். சில வருஷத்தில் காப்பி சிந்தினாற்போல் பழுப்பேறித் திரும்பி வந்தது. அன்று காசு வாங்கக் கை வரவில்லை.

பலகையின் அமிலம் ஏறித்தான் அந்தப் பழுப்பு. அதனால் அமிலமில்லாத மவுன்ட் போர்டு, அதாவது படத்தைத் தாங்கும் அட்டை, கேளுங்கள். படத்தை மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய காகிதப் பட்டையால் தொங்கவிட்டால் போதும். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவே ஈரம் கோத்துக்கொள்ளும். ஏற்காட்டுப் பனிக்கு வெளிச்சுவரே ஓதம் காக்கும், அதில் மாட்டினால் பூசணம்தான். வெயிலும் ஆகாது. அருங்காட்சியகங்களில் வாட்டர்கலருக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விடுவதில்லை.

அந்த அம்மாவோ, அலமாரி நின்ற இடத்திலேயே மாட்ட வேண்டும் என்கிறார். அது ஜன்னலுக்கு நேர் எதிரே. கனமான திரை தைக்கக் கொடுத்திருக்கிறாராம். அது வரும்வரை படம் என் கடை இழுப்பறையில்.