மின்சாரம் நின்றால்தான் சிறுநீர் போகும்

"முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பொத்தானை அழுத்தினால் சிறுநீர் போகும்படி ஒரு கருவி இருக்கிறதாமே, உண்மையா?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். உண்மைதான், புதிதும் அல்ல. 1970-களின் பிற்பகுதியிலேயே லண்டனில் உடலியங்கியலாளர் ஜைல்ஸ் பிரிண்ட்லி அதை மனிதர்களுக்குப் பொருத்தத் தொடங்கிவிட்டார். அதற்கு முன் பபூன் குரங்குகளில் சோதித்திருந்தார். ஆனால் பொத்தானை அழுத்தியதும் சிறுநீர் வருவதில்லை. மின்சாரம் நின்ற பிறகுதான் வருகிறது. இந்த விசித்திரத்தைத்தான் விளக்க வேண்டும்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். சிறுநீர்ப்பையின் சுவர், குடலில் இருப்பது போன்ற மென்தசையால் ஆனது. அது சுருங்கினால் சிறுநீர் வெளியே தள்ளப்படும். வாயிலில் இருக்கும் வெளிச் சுருக்குத்தசையோ கை, கால்களில் இருப்பது போன்ற வரித்தசை. அது இறுகினால் வழி அடைபடும். இரண்டுக்குமான கட்டளைகள் தண்டுவடத்தின் அடிப்பகுதியில், எஸ்2 முதல் எஸ்4 வரை எண்ணிடப்பட்ட திரிக (இடுப்புக்குப் பின்னுள்ள முக்கோண எலும்புப் பகுதி) நரம்பு வேர்கள் வழியாகப் போகின்றன. சுவர் சுருங்கும்போது வாயில் தளர வேண்டும். இந்த ஒத்திசைவை மூளைத்தண்டில் உள்ள ஒரு மையம் கவனித்துக்கொள்கிறது. தண்டுவடம் நடுவில் அறுந்தால் ஒத்திசைவு போய்விடும். சில வாரங்கள் சும்மா கிடக்கும் சிறுநீர்ப்பை பிறகு தன்னிச்சையாகச் சுருங்கத் தொடங்கும். அதே நேரத்தில் வாயிலும் இறுகும். உள்ளே ஏறும் அழுத்தம் சிறுநீரகங்களைத் தாக்கும். முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் உயிரை ஒருகாலத்தில் அதிகம் பறித்தவற்றுள் சிறுநீரகச் செயலிழப்பும் ஒன்று.

பிரிண்ட்லியின் கருவியில் மூன்று பகுதிகள். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் முன்வேர்களைப் பிடித்துக்கொள்ளும் சிறு காடிகளுக்குள் மின்முனைகள். தோலுக்கடியில் ஒரு வாங்கி. வெளியே கையில் வைத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டி. வாங்கிக்குள் மின்கலம் கிடையாது. பெட்டியோடு இணைந்த சுருளைத் தோலின் மேல் வைத்தால், தேவையான ஆற்றல் வானொலி அலையாக உள்ளே போகும். தீர்ந்துபோக எதுவும் இல்லை என்பதால் பல ஆண்டுகள் உழைக்கும்.

இனி சிக்கலுக்கு வருவோம். முன்வேரில் இரண்டு வகை இழைகள் கலந்து ஓடுகின்றன. சுருக்குத்தசைக்குப் போகும் இழைகள் தடிமனானவை. சிறுநீர்ப்பைக்கானவை மெலிந்தவை. வெளியிலிருந்து கொடுக்கும் மின்சாரத்துக்கு எப்போதும் தடித்த இழைதான் முதலில் மசியும். நரம்பின் காப்புறையில் இடைவெளிகள் உண்டு. இழை தடிக்கத் தடிக்க அந்த இடைவெளிகளும் தள்ளித் தள்ளி அமையும். ஆகவே அதே மின்புலத்தில் இரண்டு இடைவெளிகளுக்கு இடையே கிடைக்கும் மின்னழுத்த வேறுபாடு தடித்த இழையில் அதிகம். மெலிந்த இழையைத் தட்டியெழுப்பும் அளவுக்கு மின்சாரத்தைக் கூட்டினால், தடித்தது அதற்கு வெகு முன்பே துள்ளிக்கொண்டிருக்கும். அதாவது சுவரைச் சுருக்கப் போனால் வாயிலும் கட்டாயம் இறுகும். மின்சாரத்தின் அளவை எப்படி மாற்றினாலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

அளவால் முடியாததை நேரத்தால் முடித்ததுதான் இந்தக் கருவியின் அழகு. வரித்தசை அவசரக்காரன், மின்சாரம் நின்ற மறுகணமே தளர்ந்துவிடும். மென்தசை சோம்பேறி; எழ நேரமெடுக்கும், அடங்கவும் சில விநாடிகள் எடுக்கும். ஆகவே 3 முதல் 6 விநாடி மின்துடிப்புகள், பிறகு 6 முதல் 9 விநாடி ஓய்வு. துடிப்பின்போது இரண்டும் இறுகுகின்றன, ஒரு சொட்டும் வராது. நிறுத்தியதும் வாயில் பட்டென்று திறக்கிறது, சுவர் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறது, சிறுநீர் பீச்சியடிக்கிறது. வேகம் குறையும் நேரத்தில் அடுத்த துடிப்பு. இப்படித் தவணை தவணையாகப் பை காலியாகும். மீதம் தங்குவது பெரும்பாலும் 50 மில்லிலிட்டருக்குள் இருக்கும்.

ஒவ்வொரு துடிப்புக் கொத்திலும் விநாடிக்கு 20 முதல் 30 துடிப்புகள். ஒவ்வொன்றும் சில நூறு மைக்ரோசெகண்ட் அகலம். ஓய்வு குறைந்தால் அழுத்தம் இறங்காமல் படிப்படியாக ஏறும். துடிப்பு நேரம் நீண்டாலும் மூடிய வாயிலுக்கு எதிராக அழுத்தம் மேலே போய், சிறுநீர் மேல்நோக்கி எதிர்த்தோட வழியாகும். ஓய்வு நீண்டுவிட்டாலோ சுவர் முழுக்க அடங்கி, ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஏற வேண்டியிருக்கும். அழுத்தத்தை அளந்துதான் இந்த எண்களை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொருத்துவார்கள்.

ஒருநாள் சிறுநீர் வரவில்லையா? காலைப் பாருங்கள். எஸ்2 வேர் காலுக்கும் போவதால் துடிப்பின்போது கெண்டைக்காலோ விரலோ அசையும். அசைவு சுத்தமாக இல்லையென்றால் சுருள் சரியான இடத்தில் இருக்கிறதா, பெட்டியின் மின்கலத்தில் சக்தி இருக்கிறதா, அடிக்கடி மடங்கும் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் வழக்கம்போல் அசைந்தும் சிறுநீர் வரவில்லையென்றால் கோளாறு அனேகமாகப் பெட்டியில் இல்லை. மருத்துவர் பார்க்க வேண்டியது சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வழியையும்.

எல்லோருக்கும் இது பயன்படாது. அடி திரிகப் பகுதியிலேயே பட்டு, அங்கிருந்து கிளம்பும் நரம்புகளே மடிந்திருந்தால் தூண்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. பயன்படுபவர்களும் ஒரு விலை கொடுக்க வேண்டும். தன்னிச்சைச் சுருக்கங்களை நிறுத்த, உணர்வைக் கொண்டுபோகும் பின்வேர்களை வழக்கமாக அறுத்துவிடுவார்கள். பை அமைதியாகும், கொள்ளளவு கூடும், கசிவு நிற்கும். ஆனால் ஆண்களுக்குத் தொடுதலால் தானாக வரும் ஆண்குறி விறைப்பு போய்விடும். மிச்சமிருந்த உணர்வும் போகும். அறுத்த வேர் திரும்ப ஒட்டாது. பலர் இந்த அறுவையை மறுப்பதற்கு இதுவே முக்கியக் காரணம், மறுப்பதில் நியாயமும் இருக்கிறது.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சிகிச்சை, சான் பிரான்சிஸ்கோவில் சிறுநீரியல் மருத்துவர்கள் தானாகோவும் ஷ்மிட்டும் வளர்த்தெடுத்த திரிக நரம்புப் பண்பேற்றம். அமெரிக்காவில் அதற்கு 1997-இல் அனுமதி கிடைத்தது. அது தசையைச் சுருக்குவதில்லை. எஸ்3 வேருக்கு அருகே ஒரு கம்பியை வைத்து விநாடிக்கு சுமார் 14 மென்துடிப்புகளை இடைவிடாமல் கொடுத்து, முக்கியமாக உணர்வு இழைகள் வழியே அனிச்சைச் சுற்றுகளைச் சாந்தப்படுத்துகிறது. தண்டுவடம் அறுபடாத, ஆனால் அடக்க முடியாத அவசரத்தால் அவதிப்படுபவர்களுக்கானது. கம்பி சரியான இடத்தில் இருந்தால் கால் பெருவிரல் கீழ்நோக்கி மடங்கும், ஆசனவாய்த் தசை உள்ளிழுக்கும். பாதம் முழுதும் சுழன்றால் அது எஸ்2. முதலில் சில நாட்கள் சோதனை. அறிகுறிகள் பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி. "நரம்புக்குச் சக்தி" என்று விற்கப்படும் மின்பட்டைகளிடமும் காந்தப் பட்டைகளிடமும் இப்படி ஒரு தேர்வை வைத்தால் எத்தனை தேறும் என்று தெரியவில்லை.

அவசரச் சிறுநீரால் அவதிப்படுவோர் ஏராளம், தண்டுவடம் அறுந்தவர்கள் சிலரே. முதலீடும் அந்தக் கணக்கைப் பார்த்தே போகிறது என்பது என் ஆதங்கம். பின்வேரை அறுக்காமல், சிறுநீர் வாயிலை இறுக்கும் நரம்பை மட்டும் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் தற்காலிகமாக மரக்கச் செய்யும் முயற்சிகள் ஆய்வகங்களில் நடக்கின்றன. விநாடிக்குப் பல்லாயிரம் சுழற்சிகள் கொண்ட அந்த மின்சாரம் நரம்பை அடைத்துவிடுகிறது, நிறுத்தினால் நரம்பு மீள்கிறது. தொல்லை தொடக்கத்தில்தான்: அடைப்பு விழுவதற்கு முன் ஒரு கணம் நரம்பு வெறித்தனமாகத் துடித்து வாயிலை இறுக்குகிறது. அந்த ஒரு கணத்தை அடக்கும் வழியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.