மார்கழிக் காய்ச்சலும் மாசி மாத ரிப்போர்ட்டும்

மச்சான் ஒருவர் களுவாஞ்சிக்குடிப் பக்கம், கலியாணம் முடித்து இரண்டு வருடம். மார்கழி மழையோடு டெங்கு பிடித்து 103 டிகிரியில் கிடந்து எழும்பினார். மாசியில் விந்துப் பரிசோதனை செய்தால் எண்ணிக்கை படுமோசம். "காய்ச்சல் விட்டு ரெண்டு மாசம், அதுக்கும் இதுக்கும் என்ன?" என்று கேட்டார்.

சம்பந்தம் இருக்கிறது. ஒரு விந்தணு உருவாகி வெளியே வரக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகும், நம் வட்டையில் மூன்று மாத நெல் விதைத்து அறுக்கிற காலம். கதிர் பதராகிப் போனால் அறுவடை நாளையா குற்றம் சொல்வோம்? அதே கணக்குத்தான்.

ஆணின் விதைப்பையில் இருக்கும் விதைகளுக்குள் நூல் போல மெல்லிய சுக்கிலச் சிறுகுழாய்கள் நூற்றுக்கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் சுவரோரம் இருக்கும் மூலக் கலங்கள் பிரியும்போது ஒரு பங்கு விதைநெல்லாக அங்கேயே நின்றுவிட, மற்றது அடுத்த கட்டத்துக்குப் போகும். அங்கே மரபுப்பொருளைச் சுமக்கும் 46 நிறமூர்த்தங்கள் 23 ஆகக் குறைந்து, ஒரு கலத்திலிருந்து நான்கு வரும். ஆனால் அந்த நான்கும் சும்மா உருண்டைகள், வால் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான்: உருண்டை நீள்கிறது, உள்ளே மரபுப்பொருள் இறுக்கிச் சுருட்டப்படுகிறது, தலையில் முட்டையைத் துளைக்கும் நொதிகளோடு ஒரு தொப்பி, கழுத்துக்குக் கீழே நடுப்பகுதியைச் சுற்றிச் சக்தி தரும் இழைமணிகள், பின்னால் வால். மிச்சச் சதையைக் கழற்றிப் போட, பக்கத்தில் நின்று ஊட்டி வளர்த்த தாதிக் கலங்களே அதை விழுங்கிவிடும்.

இவ்வளவு நடந்தும் அதற்கு நீந்தத் தெரியாது! விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும், நீட்டினால் ஆறு மீற்றர் வரும் ஒரு சுருள்குழாயில் நாட்கணக்காக ஊர்ந்து போகும்போதுதான் நீந்தும் வல்லமை வருகிறது. 1677 இல் ஒல்லாந்து ஆய்வாளர் லீவன்ஹூக் தன் நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதிய அந்த வாலாட்டம், இந்தக் குழாயைத் தாண்டி வந்தவற்றின் வாலாட்டம்.

இந்த வேலைக்கு உடம்பைவிட இரண்டு முதல் நான்கு பாகை செல்சியஸ் குளிர் வேண்டும், விதைப்பை வெளியே தொங்குவது அதற்காக. கடும் காய்ச்சலில் அந்தக் குளிர் போய்விடும், அப்போது பாதி வளர்ந்து நின்றவை அடிபடும், அந்தக் குறை வாரங்கள் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். அப்புறம், உடம்பு ஏற்ற ஜிம்மில் ஊசி போடும் தம்பிமாரும் கவனியுங்கள்: வெளியிலிருந்து ஆண் ஓமோன் ஏறினால் மூளை தன் சைகையை நிறுத்தும், விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும்.

அதனால் ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல், மூன்று மாதம் விட்டு இன்னொன்று செய்யச் சொன்னார்கள். வைகாசியில் மச்சானுக்கு எண்ணிக்கை நன்றாக ஏறியிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் பரிசோதனை, மருந்து, நேர்த்தி எல்லாம் அவர் மனைவிக்கு மட்டும்தான் நடந்தது. அந்தப் பிள்ளையிடம் அதற்காக இன்னும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.