உறைவிப்பு அன்று, குளிர்விப்பு

கோட்டூர்புரத்தில் சென்ற மாதம் கேட்ட அறிவியல் உரையிலும் ‘அணுக்களை லேசரால் உறைய வைத்தல்’ என்றே சொன்னார்கள். நாளிதழ்களிலும் பாடக் குறிப்புகளிலும் இதே தொடரைப் பலமுறை படித்துவிட்டதால், இனியும் பேசாதிருக்க மனம் ஒப்பவில்லை. ஒளியால் அணுக்களின் வேகத்தைக் குறைத்துக் குளிரச் செய்யும் முறைக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

லேசர் என்பது ஆங்கிலச் சொற்கள் ஐந்தின் முதலெழுத்துகளைக் கோத்து 1957-இல் அமெரிக்க இயற்பியலாளர் கார்டன் கூல்டு தம் குறிப்பேட்டில் எழுதிவைத்த பெயர். அதன் அலைகள் சீராக இணைந்து செல்வதால் தமிழில் சீரொளி, பொருத்தமான ஆக்கம்.

சிக்கல் உறைதலில்தான். உறை ஊற்றிய பால் விடிவதற்குள் தயிராகிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள்ளேயே கட்டியாகிறது. இரண்டிலும் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகுகின்றன. சீரொளியில் சிக்கிய அணுக்களோ காற்றைவிடப் பல கோடி மடங்கு செறிவு குறைந்த வளிமமாகவே (வாயுவாகவே) இருக்கின்றன. ‘அச்சத்தில் உறைந்து நின்றான்’ என்கிறோமே, அசையாமையும் உறைதல்தானே என்று சிலர் வாதிடுவர். அணுக்கள் நிற்பதே இல்லை என்பதுதான் அதற்கு விடை. அறை வெப்பநிலையில் நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் பாயும் சோடியம் அணு, 1985-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவன் சூ குழுவினர் எட்டிய, தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிய 240 மைக்ரோகெல்வினிலும் நொடிக்கு அரை மீட்டர் அளவில் நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

நடப்பது வேகக் குறைப்பு; அணுக்களின் வேகம் குறைந்தால் வெப்பநிலையும் குறையும். மாம்பலத்தில் நம்மை நோக்கி வரும் மின்தொடர்வண்டியின் ஒலி சுருதி உயர்ந்து கேட்பதுபோல, எதிரே பாய்ந்து வரும் அணுவுக்கு ஒளியின் அதிர்வெண் உயர்ந்து தோன்றும். அதனால் அணு உட்கவரும் அளவுக்குச் சற்றுக் கீழே ஒளியின் அதிர்வெண்ணை வைத்தால், எதிர்த்து வரும் சோடியம் அணுவே அதை மிகுதியாக உட்கவர்ந்து, ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் நொடிக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வேகத்தை இழக்கிறது. சூ குழுவினர் ஆறு திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சி அமைத்த அந்த ஏற்பாட்டிற்குப் பாகின் பெயரையே வைத்தார்கள். ஒளிப்பாகு என்று நாம் தயங்காமல் சொல்லலாம். வெல்லப்பாகில் கரண்டியை எப்பக்கம் இழுத்தாலும் பாகு எதிர்த்துப் பிடிக்கும். கரண்டி மெல்ல நகருமே தவிர உறைந்துவிடாது.

குளிரூட்டல் என்பதும் எனக்கு உவப்பில்லை. ஊட்டுதல் ஒன்றைக் கொடுப்பது; இங்கே அணுவிடமிருந்து ஆற்றல் எடுக்கப்படுகிறது. செய்வி, வருவி போலக் குளிர்வி என்னும் பிறவினை நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. ‘உறைய வைத்தல்’ என்னும் ஆங்கிலத் தலைப்பின் பகட்டை அப்படியே பெயர்ப்பவர்கள், பொருள் கட்டியானதா வளிமமாகவே இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டிருந்தால் சீரொளிக் குளிர்விப்பு என்றே எழுதியிருப்பார்கள்.