சேர்கிட்: வெளிக்கிட்ட இடத்துக்கே வரும் தடம்

காலபோக வெட்டு முடிந்து வயல் காய்ந்ததும் எங்கள் பக்கத்தில் மாட்டுவண்டில் சவாரி தொடங்கிவிடும். அப்படியொரு சவாரிக்குப் போன இடத்தில், அக்காவின் மகன் திடலைப் பார்க்காமல் கைபேசியில் ஃபோர்மியூலா 1 கார் ஓட்டம் பார்த்துக்கொண்டு நின்றான். "மாமா, சேர்கிட் எண்டதுக்கு என்ன தமிழ்?" என்று கேட்டான். கண்ணுக்கு முன்னால் கிடந்ததையே சொன்னேன்: "சவாரித் திடல் எண்டு சொல்லலாமே." பக்கத்தில் நின்ற பெரியப்பா விடவில்லை. "அதெப்பிடித் தம்பி? திடலில மாடு ஓடிப்போய் அந்தத் தொங்கலில நிக்கும். உதில கார் வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வருதல்லோ?"

பெரியப்பா சொன்னதுதான் சரி. சேர்கிட் என்ற சொல்லின் உயிரே அந்தத் திரும்பி வருதலில்தான் இருக்கிறது.

இலத்தீனில் 'சிர்க்கும்' என்றால் சுற்றி, 'ஈரே' என்றால் போதல். இரண்டும் சேர்ந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தன. இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரித்துத் திரும்பும் நீதிபதிகளின் சுற்றுப் பயணத்துக்கும் இதுதான் பெயர். கார் ஓட்டமே பாராத வன்னி ஆட்களுக்கும் இந்தச் சொல் பழக்கமானது அந்தப் பொருளில்தான். குளம் பார்க்கவும் காடு பார்க்கவும் சுற்றுக்கு வரும் திணைக்கள அதிகாரிகள் இராத்தங்கும் வீட்டை இன்றும் சேர்கிட் பங்களா என்றுதானே சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் அதே சொல் மின்சுற்று ஆயிற்று. மின்னோட்டமும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால்தான் விளக்கு எரியும்.

கார் ஓட்டத்துக்குள் இந்தச் சொல் நுழைந்த கதை துயரமானது. தொடக்க காலத்தில் ஓட்டங்கள் நகரத்துக்கு நகரம் நடந்தன. 1903இல் பாரிசிலிருந்து மட்ரிட்டுக்கு ஓடத் தொடங்கிய கார்கள் வழியிலேயே ஓட்டுநர்களையும் வேடிக்கை பார்த்தவர்களையும் பலிகொண்டன. ரெனோ நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் இறந்தார். ஓட்டம் பிரான்சின் போர்தோ நகரிலேயே நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வீதியை யாரால் காவல்காக்க முடியும்? அதற்கு முந்திய ஆண்டே பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வேறொரு வழியைச் செய்து பார்த்திருந்தார்கள். சில வீதிகளைத் தொடுத்து ஒரு வளையமாக்கி, மற்றப் போக்குவரத்தை மறித்து, அதையே திரும்பத் திரும்பச் சுற்றி ஓடினார்கள். காவலுக்கும் எளிது. ஓரிடத்தில் நிற்பவர் ஒரே காரைப் பலமுறை பார்க்கலாம். அந்த ஓட்டத்தின் பெயரிலேயே சேர்கிட் என்ற சொல் இருந்தது.

1906இல் பிரான்சின் லு மான் நகருக்கு அருகே நடந்த முதலாவது கிராண்ட் பிரீ (பெரும் பரிசு) ஓட்டத்தில் ஒரு சுற்றின் நீளம் 103 கிலோமீற்றர். அது எவ்வளவு தூரம் என்று வன்னிக்காரருக்குச் சொல்வது எளிது. மாங்குளத்தில் வெளிக்கிட்டு ஏ9 வழியே கிளிநொச்சி தாண்டிப் பரந்தன். அங்கே வலப்பக்கம் திரும்பி ஏ35இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் பாலம், முல்லைத்தீவு. பிறகு ஏ34இல் முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மறுபடி மாங்குளம். லு மானில் ஓடியதும் இப்படியொரு முக்கோணந்தான், எங்களுடையதைவிடச் சிறியது. அதை நாளுக்கு 6 தடவையாக 2 நாளில் 12 தடவை சுற்றினார்கள். வென்றவர் ஹங்கேரியில் பிறந்த ஃபெரன்ஸ் சிஸ்.

இங்கிலாந்தில் பொதுவீதியில் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டச் சட்டம் விடவில்லை. அதனால் 1907இல் புரூக்லண்ட்சில், ஓட்டத்துக்கென்றே, வளைவுகளில் மேட்டுச் சரிவு வைத்த கொங்கிறீற்றுத் தடம் ஒன்று கட்டப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் இன்னொன்று. அதன் மேற்பரப்புத் தாங்காமல் போகவே ஏறக்குறைய 32 இலட்சம் செங்கல் பதித்தார்கள். இன்று அதில் ஒரு யார் அகலப் பட்டை மட்டும் ஓட்டம் தொடங்கி முடியும் கோட்டடியில் மிச்சம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இங்கிலாந்தில் கைவிடப்பட்ட விமானத் தளங்கள் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றான சில்வர்ஸ்டோனில் 1948இல் கிராண்ட் பிரீ ஓட்டம் நடந்தது. 1950 மே 13இல் ஃபோர்மியூலா 1 உலக வாகையர் தொடரின் முதல் ஓட்டமும் அங்கேதான். இலங்கையில் களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்தையிலும், சென்னைக்கு அருகே சோழவரத்திலும் போர்க்கால விமானத் தளங்களிலேதான் கார் ஓட்டங்கள் நடந்தன. சோழவரத்தின் தொடர்ச்சியாகவே பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் எழுந்தது.

விமானத் தளத்தைச் சொல்லக் காரணம் உண்டு. செய்திகளில் சேர்கிட்டை 'ஓடுபாதை' என்று எழுதுகிறார்கள். ஓடுபாதை விமானம் ஏறி இறங்கும் நேர்ப்பாதை. சில்வர்ஸ்டோனில் நிலைத்துப்போன தடமோ, ஓடுபாதைகளைச் சூழ்ந்து தளத்தின் ஓரமாக ஓடிய வளைய வீதி. இரண்டுக்கும் ஒரே பெயரை இட்டால் அந்த வரலாற்றைத் தமிழில் எழுதவே முடியாது. 'சுற்றுவட்டம்' என்பதும் சரிவராது, அதை நாங்கள் சந்தியில் வாகனங்கள் சுற்றிப்போகும் வட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம். 'பந்தயம்' என்ற முன்னொட்டும் எனக்கு உவப்பில்லை. பந்தயம் பிடிப்பது என்றால் எங்கள் ஊரில் பணயம் வைப்பது. ஓட்டம் என்றாலே போதும்.

பழந்தமிழ் இந்த வேறுபாட்டை அழகாக வைத்திருந்தது. குதிரையின் நேரோட்டத்துக்கு 'ஆதி' என்று பெயர், வட்டமாய் ஓடுவதற்குச் 'சாரி'. எங்கள் வண்டில் சவாரி ஆதி, கார் ஓட்டம் சாரி. புறநானூற்றின் 30ஆம் பாட்டில் ஞாயிறு சுற்றிவரும் வட்டத்துக்கு 'மண்டிலம்' என்ற சொல் வருகிறது. மூன்றும் எனக்கு மிகப் பிடித்த சொற்கள். ஆனால் இன்று சாரி என்றால் இடதுசாரி, வலதுசாரிதான் நினைவுக்கு வரும். மண்டிலத்தை விளக்கிச் சொல்லவே ஒரு பந்தி வேண்டும். விளக்கம் கேட்காத சொல்தான் மைதானத்தில் ஓடும்.

வன்னியில் அந்தச் சுற்றுக்குக் கண்கண்ட சாட்சி ஒன்று இருந்தது: சூட்டுக்களம். முன்பு பிணைத்த மாடுகள் கதிரை மிதித்துச் சுற்றி வந்தன. பிறகு உழவு மெசின் வந்து அதே களத்தில் அதே சுற்றைச் சுற்றியது. வைக்கோலின் மேல் சக்கரம் பதிந்து பதிந்து வட்டமாய் ஒரு தடம் விழும். வெட்டு மெசின் வந்தபின் அதைக் காண்பது அரிது. பெரியப்பா அந்த உழவு மெசினை இராப்பகலாக ஓட்டியவர். எத்தனை சுற்று விட்டால் நெல் கழரும் என்று இப்போதும் சொல்வார்.

அதனால் என் முடிவு: சுற்றுத்தடம். சுற்று, இலத்தீன் சொல்லின் பொருளை முழுதாகத் தாங்குகிறது. தடம், யானைத்தடம் போல, வண்டில் தடம் போல, திரும்பத் திரும்பப் போவதால் விழுவது. வெறும் 'சுற்று' என்று வைத்தால் ஒருமுறை வலம் வருவதோடு குழம்பும். சில்வர்ஸ்டோன் சுற்றுத்தடத்தில் 52 சுற்று ஓட்டம் என்று எழுதிப் பாருங்கள், எதுவும் இடறாது. மொனாக்கோவில் 1929இலிருந்து நகரத் தெருக்களை மறித்து ஓடுகிறார்களே, அது வீதிச் சுற்றுத்தடம்.

நுவரெலியாவின் மககஸ்தொட்டவில் 1930களிலிருந்து நடந்துவரும் ஓட்டத்துக்கு மட்டும் இந்தப் பெயரை வைக்கக்கூடாது. அங்கே கார் அடியில் வெளிக்கிட்டு மேலே போய் நின்றுவிடும். அது மலையேற்றத் தடம், பெரியப்பா சொன்ன சவாரித் திடலைப் போல.