பிராசஸர் ஏன் வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது?

3.6 கிகாஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 360 கோடி துடிப்பு) என்று சொல்லி வாங்கிய பிராசஸர் 0.8 காட்டுகிறதே, ஏமாந்துவிட்டேனா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அநேகமாக இல்லை. வேலை இல்லாத நேரத்தில் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மின்சாரமும் சூடும் மிச்சம். பெரிய ஃபோல்டர் ஒன்றை ஜிப் செய்யச் சொல்லிவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். ஏறினால் சரி, கவலையை விடுங்கள்.

ஏறவில்லை என்றால்தான் அந்த 3.6 எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும், எனக்குப் பிடித்த இடமும் அதுதான். மதர்போர்டில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்குச் சில கோடி முறைதான் துடிக்கும். அதிலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை உண்டாக்கி, அதை 36 மடங்காக்கினால் 3.6 கிகாஹெர்ட்ஸ். ஆனால் ஒரு துடிப்பை 36 மடங்காக்குவது எப்படி? நேரடியாக யாரும் பெருக்குவதில்லை! பிராசஸருக்குள் ஓர் அலையியற்றி, அதாவது துடிப்புகளை உண்டாக்கும் சுற்று, தன்பாட்டுக்கு வேகமாக ஓடுகிறது, அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். அதன் துடிப்புகளை எண்ணி, 36-க்கு ஒன்று வீதம் வெளியே அனுப்பி, அந்த ஒன்றை 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்போடு ஒப்பிடுகிறார்கள். பிந்தினால் அழுத்தம் ஏறும், முந்தினால் இறங்கும், இரண்டும் சேர்ந்து விழும்வரை இந்த இழுபறி நடக்கும். பெருக்குவதற்காக வகுக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆக, அடிப்படை எண் தவறினால் எல்லாமே தவறும். ஏஎம்டியின் பழைய அத்லான் எக்ஸ்பி 2000+ பிராசஸருக்கு அடிப்படைத் துடிப்பான 133-ஐ (துல்லியமாக 133.33) 12.5 ஆல் பெருக்கி சுமார் 1667 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டும். பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும், போர்டின் அமைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) பேட்டரி தீர்ந்து அமைப்புகள் அழிந்தால் சில போர்டுகளில் 133 என்பது 100 ஆகிவிடும், அப்புறம் 1250தான். பயாஸில் ஓர் எண்ணை மாற்றினால் முடிகிற வேலைக்கு ‘வேகம் கூட்டும்’ மென்பொருளை இறக்கி நிறுவுவது, என்னைக் கேட்டால், தாயத்துக் கட்டுவதுதான்.

இன்றைய கணினிகளில் அடிப்படை எண் அப்படித் தவறுவது அபூர்வம். விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச அளவு 99 சதவீதம் என்று இருந்தால் டர்போ, அதாவது தேவைப்படும்போது அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் வசதி, வேலை செய்யாது, அதை 100 ஆக்குங்கள். லேப்டாப் மட்டும் எவ்வளவு வேலை கொடுத்தாலும் 0.4-லோ 0.8-லோ அசையாமல் நின்றால் வேறு கதை: பிராசஸரில் ‘சூடாகிவிட்டது, குறை’ என்று சொல்லும் ஒரு கம்பி உண்டு, அதைப் போர்டின் மற்ற சில்லுகளும் இழுக்க முடியும். சார்ஜரை அடையாளம் காண முடியாத லேப்டாப்புகள் பல இதைச் செய்கின்றன, பிராசஸர் ஜில்லென்று இருந்தாலும்கூட. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், வேகம் திரும்பினால் சந்தேகப்பட வேண்டியது சார்ஜரையும் அதைச் செருகும் முனையையும்தான்.